செந்தட்டியும் அதன் பயனும்

பெரம்பலூர், அரியலூர் வட்டாரங்களில் வேலியோரத்திலும் புதர்களிலும் படரும் செந்தட்டியை அறியாத அங்கத்தினர் இரார். சிறுகாஞ்சொறி என்பதும் அதுவே. மேலே பட்ட மாத்திரத்தில் தடித்துச் சிவந்து அரிக்கும் இச்செடியை இரத்தம் ஊறச் செய்யும் அரிய கீரை என்று புகழும் செய்திகள் இந்நாளில் கைப்பேசி வழியே பரவக் காண்கிறோம். அவற்றுள் மெய் எவ்வளவு என்பதை ஆராய்ந்து தெளிதல் நலம்.

அயல்நாட்டு நூல்கள் புகழும் செடி அர்டிகா டையோய்கா என்பது. ஐரோப்பாவிலும் இமயமலைச் சாரலிலும் விளைவது. நேபாளத்தார் இவ்வினத்தைச் சிஸ்னு என்று அழைத்து, இளந்தளிரை இடுக்கியால் கிள்ளி வேகவைத்து உண்கின்றனர். இதன் சுணை உட்டுளையுள்ள நுண்ணிய ஊசி போன்றது. முனை முறிந்ததும் ஹிஸ்டமின் முதலிய பொருள்களைத் தோலினுள் செலுத்தும். வெந்தபின் சுணை கெட்டுவிடும். அமெரிக்க வேளாண்மைத் துறையின் அட்டவணைப்படி, வெந்த இலை 100 கிராமில் சுண்ணாம்புச் சத்து ஏறத்தாழ 480 மில்லிகிராமும், இரும்புச் சத்து ஏறத்தாழ 1.6 மில்லிகிராமும் உள்ளன.

நம் செந்தட்டியோ டிராஜியா இன்வலூக்ராட்டா என்பது. இது ஆமணக்குக் குடும்பத்தைச் சேர்ந்தது; முன்னதற்கு உறவன்று. இதன் சுணையில் கால்சியம் ஆக்சலேட் என்னும் கூரிய படிகம் அமைந்துள்ளது. அப்படிகம் நீரில் கரைவதன்று. ஆகவே, மேல்நாட்டுப் பாகமுறையை அப்படியே இதற்குக் கையாளுதல் தகாது. கேரளத்தில் கர்க்கடக மாதத்துப் பத்திலைக் கறியில் தூவை என்னும் சுணைச்செடியைச் சேர்ப்பதுண்டு. ஆயின் அங்கும் அப்பெயர் பல செடிகளைக் குறிக்கும். வழிவழியாகப் பழகியவரே இனம் பிரித்துப் பறிப்பர்.

சித்த மருத்துவத்தில் சிறுகாஞ்சொறிக்கு இடம் உண்டு; அதன் வேர் மருந்தாகப் பயன்படுகிறது. வேர்ச்சாறு எலிகளின் வீக்கத்தையும் வலியையும் தணித்ததாக ஆய்வுக் கட்டுரைகளும் வெளிவந்துள்ளன. எனினும், எலிக்குத் தணிந்தது கொண்டு மனிதருக்கு அளவு நிருணயிக்க இயலாது. பதிவு பெற்ற சித்த மருத்துவர் தரும் மருந்தை உட்கொள்வது வேறு. வேலியில் பறித்ததை வீட்டில் காய்ச்சிக் குடிப்பது வேறு. கர்ப்பிணிகளும் குழந்தைகளும் இதனை விலக்கவே வேண்டும்.

அங்ஙனமாயின் சத்துக்கு எங்கே போவது? நம் கொல்லைக்கே போகலாம். ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட அட்டவணைப்படி, 100 கிராம் முருங்கைக்கீரையில் சுண்ணாம்புச் சத்து 300 மில்லிகிராமுக்கு மேலும், இரும்பு 4 மில்லிகிராமுக்கு மேலும் உள்ளன. அகத்திக்கீரையில் சுண்ணாம்புச் சத்து ஏறத்தாழ 900 மில்லிகிராம். தறியில் நாள் முழுதும் அமரும் நெசவாளர் குடும்பத்துக்கும், வயலில் பாடுபடும் உழவர் குடும்பத்துக்கும் சோகை நீங்க இவையே எளிய துணை. நெல்லிக்காயோ எலுமிச்சையோ உடன் சேர்ப்பின் இரும்புச் சத்து உடலில் நன்கு சேரும்.

நெசவாளர் அறியத்தக்க செய்தி ஒன்று உண்டு. நேபாளத்தில் அல்லோ என வழங்கும் பெருஞ்சுணைச் செடியின் தண்டிலிருந்து நாரெடுத்து நூற்றுத் துணி நெய்கின்றனர். அவ்வினம் நீலகிரியிலும் வளர்வது. முதல் உலகப் போரில் பருத்தி கிட்டாத ஜெர்மனியும் சுணைச்செடி நாரை நாடியது. நம் செந்தட்டியின் மெல்லிய கொடி அத்தகைய நார் தருவதன்று.

சுணை பட்டால் தேய்க்கலாகாது. ஒட்டும் நாடாவை மெல்ல ஒட்டியெடுத்துச் சோப்பு நீரால் கழுவுக. மூச்சுத் திணறினாலோ முகம் வீங்கினாலோ உடனே மருத்துவமனைக்குச் செல்க.

மூலிகை வாங்கவோ விற்கவோ முற்படும் சங்கங்கள், ஊர்ப் பெயரோடு தாவரவியற் பெயரையும் பட்டியலில் எழுதி வாங்குதல் அவசியம். எடை தவறினால் நேர்வது பண நட்டம். பெயர் தவறினால் நேர்வது உயிருக்கே கேடாகலாம்.