இராமநாதபுரம் ஜில்லா: நிலமும் நீரும் ஜனங்களும்

ஒரு ஜில்லாவில் கிராம சேவை செய்யப் புகுவோர், அங்கே நிலம் எப்பக்கம் சரிகிறது, நீர் எவ்வழி ஓடுகிறது, குடிகள் எதனை நம்பிப் பிழைக்கிறார்கள் என்னும் மூன்றையும் முதலில் அறிதல் வேண்டும். இம்மூன்றும் ஒன்றோடொன்று எவ்வளவு பிணைந்துள்ளன என்பதற்கு இராமநாதபுரம் தக்க உதாரணமாகும்.

எல்லையும் விஸ்தீரணமும்

மதுரை, திருநெல்வேலி ஜில்லாக்களின் பகுதிகளைச் சேர்த்து 1910-ம் வருஷத்தில் இந்த ஜில்லா ஏற்பட்டது. 1985-ல் சிவகங்கை, விருதுநகர் ஆகிய பகுதிகள் தனி ஜில்லாக்களாகப் பிரிந்தபின், கடலோரப் பகுதியே இப்பெயரோடு நின்றது. அதன் விஸ்தீரணம் ஏறக்குறைய 1,600 சதுர மைல். கிழக்கே பாக் ஜலசந்தியும், தெற்கே மன்னார் வளைகுடாவும் எல்லைகளாம். நிலம் மேற்கிலிருந்து கடலை நோக்கி மிக மெல்லச் சரிந்து செல்கிறது. மலைகள் இல்லை. ஆகவே ஆழமான பெரிய அணை கட்டுதற்கு ஏற்ற இடமும் இல்லை.

மழையும் கண்மாய்களும்

வருஷத்திற்குச் சுமார் 32 அங்குல மழையே பெய்கிறது. அதிலும் பாதிக்கு மேற்பட்டது ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களில் வடகிழக்குப் பருவக்காற்றால் கிடைப்பது. வைகையும் குண்டாறும் வருஷத்தின் பெரும்பகுதி வறண்டு கிடப்பவை. சில வாரங்களில் வரும் நீரை முழு வருஷத்திற்கும் காக்கும் பொருட்டே முன்னோர், சரிவின் குறுக்கே மண்கரை எழுப்பிக் கண்மாய்களை அமைத்தனர். 48 மடைகளை உடையதெனப் புகழ்பெற்ற இராஜசிங்கமங்கலம் கண்மாயும், வைகை நீரைப் பெறும் இராமநாதபுரம் பெரிய கண்மாயும் அவற்றுள் முக்கியமானவை.

இக்கண்மாய்கள் சங்கிலி போன்றவை. மேல் கண்மாய் நிரம்பியபின் கலுங்கு வழியாக வழியும் நீர், வரத்துக்காலில் ஓடிக் கீழ் கண்மாயை அடையும். மேலூரார் கலுங்கை உயர்த்தினால் கீழூர் காயும். மேல்கரை உடைந்தால் கீழ்க்கரைகளும் உடையும். ஆதலால் ஒரு கிராமத்தின் கண்மாய் அக்கிராமத்தாருக்கு மட்டும் உரிய காரியம் அன்று.

ஜனத்தொகையும் தொழில்களும்

2011-ம் வருஷக் கணக்கெடுப்பின்படி ஜனத்தொகை 13,53,445. பத்துப் பேரில் ஏழு பேர் கிராமவாசிகள். சதுர மைலுக்குச் சுமார் 850 பேரே வசிக்கின்றனர். தமிழ்நாடு முழுவதற்கும் இத்தொகை 1,400-க்கு மேற்பட்டது. நீர் குறைந்த இடத்தில் ஜனநெருக்கமும் குறைவாயிருத்தல் இயல்பே. திருவாடானைப் பக்கம் நெல்லும், கமுதி, முதுகுளத்தூர்ப் பக்கத்துக் கரிசலில் பருத்தியும் மிளகாயும் விளைகின்றன. இங்குள்ள முண்டு மிளகாய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. கரையோரத்தார் மீன்பிடித் தொழிலையும், கீழக்கரை போன்ற ஊரார் கடல் வாணிபத்தையும் மேற்கொண்டனர். மழை பொய்த்த காலங்களில் இலங்கைக்கும் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் பலர் பிழைக்கச் சென்றனர்.

கடனும் கண்மாயும்

இங்குள்ள குடியானவர் மழைக்கு முன்பே புழுதியில் நெல்லை விதைக்கிறார். விதைக்கும் உழவுக்கும் பணம் வேண்டுவது ஆவணி, புரட்டாசியில். நெல் வீடு வருவது தை மாதத்தில். மிளகாய் பணமாவது அதற்கும் பிந்தி. கார்த்திகையில் கடன் கொடுத்து மார்கழியில் தவணை கேட்கும் சங்கம் குடியானவரை மீண்டும் வட்டிக்கடைக்கே அனுப்புகிறது. தவணையை அறுவடையோடு பொருத்துதல் முதற்கடமை.

இரண்டாவது கடமை இதனினும் பெரிது. நிலத்தின் பத்திரம் எவ்வளவு சுத்தமாயிருப்பினும், கண்மாய் தூர்ந்திருந்தால் கடன் திரும்பாது. கண்மாயே மெய்யான ஜாமீன். முற்காலத்தில் மழைக்கு முன் வீட்டுக்கொரு ஆள் வந்து வரத்துக்காலை வெட்டிக் கரையை உயர்த்துவது குடிமராமத்து என வழங்கிற்று. 1858-ம் வருஷத்துச் சட்டம் இவ்வழக்கத்திற்குப் பலமளித்தது. நாளடைவில் அது தளர்ந்தது. பின்னர்ச் சீமைக் கருவேல் உள்வாய்களிலும் கால்வாய்களிலும் பரவி நீரை மறித்தது. 2017-ல் தமிழ்நாடு அரசாங்கம் குடிமராமத்து என்னும் பெயரிலேயே புதுத் திட்டம் தொடங்கிற்று. எனினும் அரசாங்கம் ஒருமுறை வெட்டிய கால்வாயை வருஷந்தோறும் காக்க வேண்டியவர் ஆயக்கட்டுதாரரே.

செய்ய வேண்டுவன

ஆடி மாதத்தில் சங்க நிர்வாகிகள் தங்கள் கண்மாயைச் சுற்றி நடந்து, கரையின் தாழ்வு, மடையின் பழுது, கலுங்கின் நிலை, வரத்துக்காலின் அடைப்பு ஆகிய நான்கையும் குறித்துக் கொள்க. மேலூர், கீழூர்ச் சங்கத்தாரையும் உடன் அழைத்தல் நன்று. வழக்காடுதற்குச் செலவாகும் பணத்தில் சிறு பகுதியே மராமத்துக்குப் போதும். கடன் மனுக்களைப் பரிசீலிக்கும் கூட்டத்தில் அக்குறிப்பு முதலில் வாசிக்கப்படுமாயின், கொடுக்கும் கடனும் நிலைக்கும், குடியும் நிலைக்கும்.