லென்சின் குறியீட்டை அறிதல்

அந்தமானின் நார்கொண்டாம் தீவில் மட்டுமே வாழும் இருவாய்ச்சியை ஆவணப்படுத்தச் செல்லும் அலுவலருக்குத் தவறான லென்ஸ் வந்துசேர்ந்தால், மாற்று லென்ஸ் கடல் கடந்தே வரவேண்டும். ஆகவே, கொள்முதலுக்கு முன் இரண்டைக் கவனித்தல் அவசியம்.

முதலாவது, லென்சைக் காமிராவுடன் பிணைக்கும் மவுண்ட். அங்கிருந்து பிம்பம் விழும் தளம்வரையிலான தூரம், 1959இல் வந்த நிக்கான் எஃப் அமைப்பில் 46.5 மி.மீ.; 1987இல் வந்த கேனான் இ.எஃப். அமைப்பில் 44 மி.மீ. எனவே, நிக்கான் லென்சை 2.5 மி.மீ. இடைவளையத்தின் துணையால் கேனான் காமிராவில் பொருத்தலாம். மாறாகப் பொருத்தினால், தொலைவிலுள்ள பொருள் தெளிவாக விழாது. வளையம் தூரத்தைக் கூட்டுமேயன்றிக் குறைக்காது.

இரண்டாவது, குறியீடு. ‘ஏ.எஃப்.-எஸ். நிக்கார் 70–300 மி.மீ. 1:4.5–5.6 ஜி’ என்பதைக் காண்போம். ‘ஏ.எஃப்.-எஸ்.’ என்பது குவியப்படுத்தும் மோட்டார் லென்சினுள்ளேயே இருப்பதைக் குறிக்கும். 70–300 என்பது குவியத் தொலைவு. 4.5, 5.6 என்பன அவ்விரு முனைகளிலும் கிடைக்கும் மிகப்பெரிய துளையின் அளவுகள்; எண் சிறிதாயின் துளை பெரிதாகும். ‘ஜி’ என்றால் துளையை மாற்றும் வளையம் லென்சில் இல்லை. ஆதலால், மவுண்ட் பொருந்தினும் எஃப்.எம்.2 போன்ற பழைய காமிராவில் துளையை விருப்பம்போல் அமைக்க இயலாது.

பொருந்துவதெல்லாம் முழுமையாக இயங்கும் எனக் கொள்ளலாகாது. காமிராவின் மாதிரிப் பெயரையும் லென்சின் முழுக் குறியீட்டையும் கொள்முதல் படிவத்தில் எழுதுவதே பொதுப்பணத்தைக் காக்கும் வழியாகும்.