இறந்த இணைப்பும் இருக்கும் தரவும்

பல கணினிகளில் தரவைப் பகுத்துக் காக்கும் மென்பொருள்களுள் ஹடூப்பின் கோப்பு முறைமை பெயர்பெற்றதொன்றாம். அது பெருங்கோப்பை இயல்பாக 128 மெகாபைட் வரையுள்ள துண்டங்களாக்கி, ஒவ்வொன்றையும் 3 படிகளாக வெவ்வேறு தரவுக் கணினிகளில் வைக்கும். அங்ஙனம் வைத்தும், இணைப்புகளைப் பேணும் நெறி தவறின், ஒரு படியும் அழியாதிருக்கவே, படிக்கும் நிரல் ‘துண்டம் கிடைத்திலது’ எனக் கைவிரித்தல் கூடும். அஃது எங்ஙனமென ஆராய்வாம்.

இரு கணினிகள் உரையாடத் தொடங்குமுன் அவற்றிடையே 3 செய்திகள் கைமாறல் வேண்டும். ஒவ்வொரு முறையும் இதனைச் செய்தல் காலவிரயமாதலின், நிரலானது வேலை முடிந்த இணைப்பை அறுத்துவிடாது அடுத்த தேவைக்கெனச் சேமித்து வைக்கும். மறுமுனையிலுள்ள தரவுக் கணினியோ, இயல்பாக 4 வினாடி காத்திருந்து, வேறு வேண்டுகோள் வாராதாயின் அவ்விணைப்பை மூடிவிடும். மூடிய இணைப்பிற் கேட்டால் பிழையே விடையாம். தரவுக் கணினி மின்னிழந்து நின்றாலோ மூடிய செய்தியும் வாராது. லினக்ஸில் இணைப்பின் உயிர்ச்சோதனையை இயக்கி வைப்பினும், இயல்பான அமைப்பில் அது 7,200 வினாடி வாளாவிருந்த பின்னரே புறப்படும்.

இதற்குப் பரிகாரம் மூன்று.

முதலாவது, சேமித்தோன் முந்துதல். நிரல் 3 வினாடி கடந்த இணைப்பைத் தானே களைந்துவிடும். 3 என்பது 4-இற் குறைந்ததாதல் தற்செயலன்று. இவ்வளவுகளை மாற்றுவோர் இவ்வரிசையைப் பிறழவிடலாகாது.

இரண்டாவது, மீண்டும் கேட்டல். தரவுக் கணினி இடையே நின்று மீண்டும் தொடங்கினால் முதற்காவல் பயன்படாது. ஆகவே, சேமித்த இணைப்பிற் பிழை நேரின், அக்கணினியைக் குற்றஞ்சாட்டாது, புதிய இணைப்பொன்றால் அதனையே மறுமுறை வினவல் வேண்டும். படித்தலை இருமுறை செய்வதாற் கேடில்லை. எழுதுதலாயின், முன்னை வேண்டுகோள் நிறைவேறிற்றோ என ஆராய்ந்த பின்னரே மீண்டும் விடுத்தல் தகும்.

மூன்றாவது, தீர்ப்பைப் பின்னிறுத்தல். புதிய இணைப்பும் தவறிய பின்னரே அக்கணினியை விலக்கி, அடுத்த படியை நாடுதல் முறையாம்.

இம்முறை பிறழின் விளைவு யாது? பழைய இணைப்புகள் மூன்று தவற, நலமே இயங்கும் கணினிகள் மூன்றும் இறந்தனவாக எண்ணப்படும். உள்ள தரவு இல்லையென அறிவிக்கப்படும். வழி அடைபட்டமை வேறு, ஊர் அழிந்தமை வேறு. இவ்விரண்டையும் பகுத்தறியும் நிரலே தரவைக் காக்கவல்லது.