களாச்செடி உயிர்வேலி

மன்னார்த் தீவிலும் எதிர்க்கரையிலும் மரக்கறித் தோட்டஞ் செய்யும் கமக்காரருக்கு வேலியே முதற் காவல். அடைப்பு ஓரிடத்திற் பிரிந்தாலும் ஆடு, மாடு, கழுதைகள் நுழைந்து, பல வார உழைப்பை ஓரிரவில் அழித்துவிடும். என்றும் பசுமையாய், முள் நிறைந்து, உண்ணத்தக்க பழமுந் தரும் களா இதற்கேற்ற உயிர்வேலியாகும்.

நாற்று: பழுத்துக் கறுத்த பழங்களின் விதைகளைக் கழுவி, நிழலில் உலர்த்தி, தாமதியாது விதைத்தல் வேண்டும், நாட்பட்ட விதை முளைக்காது. நாற்று மெதுவாகவே வளருமாதலால், ஏறத்தாழ ஓராண்டு வளர்த்தபின் பிடுங்கி நடுக.

நடுகை: ஐப்பசியில் மாரி தொடங்கியதும், ஓரடிக் குழிகளில் மட்கிய எருவும் மேல்மண்ணும் இட்டு, 2 அடிக்கு ஒன்றாக நடுக. மணல் நிலத்தையும் வறட்சியையும் களா தாங்கும். நீர் தேங்குவதைத் தாங்காது. ஆகவே, கட்டுக்கரைக் குளத்தின் கீழுள்ள வயல்களை அடுத்த தோட்டங்களில் வரம்பை உயர்த்தி நடுதல் நன்று.

பராமரிப்பு: முதலிரு கோடைகளிலும் நீரூற்றி, அடியிற் சருகு பரப்புக. இளஞ்செடியின் நுனியைக் கிள்ளினால் அடியிலிருந்தே கிளைத்து அடர்த்தியாகும். செடிகள் நெருங்கி வளரும்வரை பழைய அடைப்பை அகற்றலாகாது. பூக்கள் கிளைநுனிகளில் தோன்றுவதால், பழம் பறித்த பின்னரே கத்தரித்தல் வேண்டும்.

பயன்: காயை ஊறுகாயாகப் போடலாம்; பழத்தை உண்ணலாம், பாகுஞ் செய்யலாம்.

தோட்டத்தின் ஒரு பக்கத்திற்கு வேண்டிய நாற்றுக்கேனும் இவ்வாண்டே விதையிடுக.