கண்ணாடித் தொட்டியில் கூட்டுக் குடித்தனம்

(மூன்றாம் ஆண்டு, இளம் அறிவியல் – விலங்கியல்)

முன்னுரை

பிள்ளைச்சாவடியில் பிறந்த எனக்கு மீனைப் பற்றி எவரும் சொல்லித் தர வேண்டியதில்லை என்றே நெடுநாள் எண்ணியிருந்தேன். வீட்டு வாசலில் வலை, திண்ணையில் கருவாடு, கண்ணெதிரே கடல். மீன் குஞ்சுக்கு நீந்தக் கற்றுத்தர வேண்டுமா என்பார்களே, அந்த இறுமாப்புதான். அதை உடைத்தது இரண்டடி நீளமுள்ள ஒரு கண்ணாடித் தொட்டி.

முதலாண்டு படிக்கையில், சேர்த்து வைத்த பணத்தில் அத்தொட்டியை வாங்கினேன். அன்று மாலையே நீரூற்றிச் செடி நட்டு, இரண்டு ஏஞ்சல் மீன்கள், ஒரு சக்கர் மீன், பன்னிரண்டு சிவப்புச் செர்ரி இறால்கள் ஆகியவற்றை விட்டுவிட்டேன். மூன்றாம் நாள் இறால்கள் ஏழாகக் குறைந்திருந்தன. ஏஞ்சல்களின் வயிறு மட்டும் பருத்திருந்தது. நான்காம் நாள் மீன்கள் மேலே வந்து வாய் பிளந்தன. துடுப்பில் பஞ்சு போல் ஏதோ படர்ந்தது. நீலநிற மருந்தொன்றை வாங்கி ஊற்றினேன். விடிந்தபோது எஞ்சிய இறால்கள் அத்தனையும் வெளுத்துக் கிடந்தன. அம்மருந்தில் மயில்துத்தம் கலந்திருந்ததைப் பிறகுதான் படித்தேன். கடலுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த என் தந்தை ஒரு கணம் நின்று பார்த்தார். "வலையில சாவறது சோத்துக்கு. இது எதுக்குடா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

அக்கேள்விக்கு விடை தேடிப் படித்ததும் பட்டதுமே இக்கட்டுரை. செடி வளர்க்கும் சிறு தொட்டியில் எந்த மீனோடு எந்த மீன், எந்த மீனோடு இறால் சேர்ந்து வாழும் என்பதை மாணவ நண்பர்கள் முன் வைக்கிறேன்.

தொட்டி என்பது என்ன?

1850ஆம் ஆண்டு இலண்டன் வேதியியலறிஞர் இராபர்ட் வாரிங்டன், ஒரு கலத்து நீரில் இரு தங்கமீன்களையும் வாலிஸ்நேரியாச் செடியையும் வைத்துச் செய்த சோதனையை வெளியிட்டார். செடியின் அழுகிய இலைகள் நீரைக் கெடுத்தன. அவற்றை உண்ணக் குளத்து நத்தைகளை விட்டபின் நீர் தெளிந்தது. மீன், செடி, நத்தை மூன்றும் ஒன்றையொன்று தாங்கி நின்றால்தான் தொட்டி நிலைக்கும் என்று அவர் கண்டார். நான் முதல் நாளே தவறிய பாடம் இதுதான்.

மீனின் கழிவிலிருந்தும் மிஞ்சிய இரையிலிருந்தும் அம்மோனியா உண்டாகிறது. ஒருவகைப் பாக்டீரியா அதை நைட்ரைட்டாக்குகிறது. மற்றொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக்குகிறது. முதலிரண்டும் நஞ்சு. மூன்றாவது குறைந்த அளவில் தீங்கற்றது. செடிக்கு உரமும் ஆகும். மணலிலும் ஸ்பாஞ்சு வடிகட்டியிலும் இப்பாக்டீரியாக்கள் குடியேற நான்கு முதல் ஆறு வாரம் வேண்டும். அதுவரை செடி மட்டும் இருக்கட்டும். அந்நாட்களில் இலை மீதும் கல் மீதும் படரும் மெல்லிய பாசிப் படலமே இறாலுக்கு முதல் உணவு.

இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரமுள்ள தொட்டி ஏறத்தாழ 54 லிட்டர் கொள்ளும். மணலையும் மேலே விடும் இடைவெளியையும் கழித்தால் 45 லிட்டர் நீர்கூடத் தேறாது. ஒரு குடும்பம் குளிக்கும் நீரைவிடக் குறைவு. அதற்குள் ஓர் ஊரையே குடியேற்ற முயல்வதில்தான் தவறு தொடங்குகிறது.

முதற் பொருத்தம்: நீர்

திருமணத்திற்குப் பத்துப் பொருத்தம் பார்ப்பார்கள். தொட்டிக்கு நான்கு போதும். அவற்றுள் முதன்மையானது நீர்.

நம் பகுதியில் கோடையில் தொட்டி நீர் 30 டிகிரியைத் தாண்டுவது இயல்பு. 20 டிகிரியில் ஒரு லிட்டர் நீர் ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஆக்சிசனைக் கரைத்து வைத்திருக்கும். 30 டிகிரியில் 7.5 மில்லிகிராம்தான். வெப்பம் ஏற ஏற மீனுக்கு மூச்சு அதிகம் தேவை. நீரிலோ அது குறைகிறது. மேலும் செடிகள் பகலில் ஆக்சிசனை வெளியிட்டாலும் இரவில் அவையும் சுவாசிக்கின்றன. விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து திணறுவதன் காரணம் பெரும்பாலும் இதுவே. ஆகவே இரவில் காற்றுக்குழாய் ஓடட்டும்.

குளிர்நீர் விரும்பும் தங்கமீனும், மென்மையான குளிர்ந்த நீர் வேண்டும் கருப்பு வெள்ளைத் தேனீ இறாலும், அமேசான் கிளையாறுகளின் நியான் டெட்ராவும் நம் வீட்டுக் கூடத்துக்கு ஏற்றவை அல்ல. செர்ரி இறால் பரவாயில்லை. எனினும் 30 டிகிரிக்கு மேல் அதுவும் சோர்ந்துவிடும். நீரின் மேற்பரப்பில் சிறு மின்விசிறிக் காற்றுப் பட்டால், மண்பானை குளிர்வது போலவே, இரண்டு மூன்று டிகிரி இறங்கும்.

ஆனால் இதில் ஒரு சூட்சுமம் உண்டு. ஆவியாவது நீர் மட்டுமே, உப்பு தங்கிவிடும். மரக்காணம் உப்பளங்களில் நடப்பதும் அதுதான். கடலோரத்துக் கிணற்று நீரையே மேலும் மேலும் ஊற்றி வந்தால், சில மாதங்களில் தொட்டியும் ஒரு சிறு உப்பளமாகிவிடும். குறைந்த அளவை உப்புக் குறைந்த நீராலோ மழைநீராலோ ஈடு செய்க. வாரம் ஒருமுறை ஐந்தில் ஒரு பங்கு நீரை மாற்றுக. குளோரின் கலந்த குழாய்நீரை அகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் திறந்து வைத்தபின் பயன்படுத்துக.

ஓரளவு கடினமான நீரைக் கண்டு அஞ்ச வேண்டாம். கப்பிக்கும் மோலிக்கும் அது உகந்தது. செர்ரி இறாலும் தோலுரித்துப் புது ஓடு கட்டச் சுண்ணச்சத்தைத் தேடும். உரித்த ஓட்டைச் செத்த இறால் என்றெண்ணி எடுத்தெறிந்துவிடாதீர்கள். அதையும் அவை தின்னும்.

இரண்டாம் பொருத்தம்: வாய்

மீனுக்குப் பகையும் இல்லை, நட்பும் இல்லை. வாயில் நுழைவது இரை, நுழையாதது அயலார். இவ்வொரு விதியை அறிந்திருந்தால் என் இறால்கள் பிழைத்திருக்கும். வளர்ந்த செர்ரி இறால் ஓர் அங்குலம். ஏஞ்சல் மீனுக்கு அது ஒரு கவளம். முட்டையிலிருந்து வரும் இறால் குஞ்சோ ஓரிரு மில்லிமீட்டர்தான். அதைத் தின்னாத தொட்டி மீன் அரிது. ஆகவே இறால் பெருக வேண்டுமானால் மீனே இல்லாதிருப்பது நலம். இல்லையேல் குஞ்சுகள் ஒளியப் பாசிப் புதர் அடர்த்தியாக வேண்டும். தோலுரித்த இறாலின் உடல் சில மணி நேரம் மென்மையாக இருக்கும்; அப்போதும் அப்புதரே அதற்குக் கோட்டை.

இறாலிலும் வேறுபாடு உண்டு. செர்ரி இறாலின் குஞ்சு பிறக்கும்போதே தாயின் வடிவில் பிறக்கிறது. ஆகவே நன்னீர்த் தொட்டியிலேயே பெருகும். சிவப்பு மூக்கு இறாலின் இளவுயிரிகளுக்கோ உவர்நீர் வேண்டும். தொட்டியில் அவ்வினம் பெருகாது. ஏரியிலிருந்து பிடித்து வரும் நீண்ட இடுக்கிக் கையுள்ள இறால், ஆற்று இறாலின் குஞ்சாக இருக்கலாம். அது வளர்ந்து உறங்கும் மீனையும் பற்றும்.

இளமையில் காணும் அளவை நம்புவதும் ஏமாற்றம். பெருவிரலளவில் கிடைக்கும் சக்கர் மீன் ஒன்றரை அடி வரை வளரும். "மிஸ் கேரளா" எனப் புகழ்பெற்ற டெனிசன் கெண்டை கூட்டமாக ஓடித் திரியும் மலையாற்று மீன். இரண்டடித் தொட்டி அதற்குச் சிறை. இயற்கையில் அழிவை எதிர்நோக்கும் இனங்களின் பட்டியலிலும் அது இருக்கிறது.

பனையேறிக் கெண்டை பற்றி ஒரு வரி. 1790களில் தரங்கம்பாடியில் பணியாற்றிய டென்மார்க் படை அதிகாரி டால்டார்ஃப், பனை மரத்தில் ஏறிய நிலையில் இம்மீனைக் கண்டதாக எழுதி உலகையே வியக்க வைத்தார். பனையேறுவது ஒருபுறம் இருக்க, மூடியில்லாத் தொட்டியிலிருந்து வெளியேற அதற்கு ஒரு கணம் போதும். உள்ளே இருந்தால் இறால்களை விட்டு வைக்காது.

மூன்றாம், நான்காம் பொருத்தங்கள்: தளமும் குணமும்

ஒரே வீட்டில் மாடி, கூடம், நிலவறை எனப் பிரித்துக் குடிவைத்தால் சண்டை குறையும். மேற்பரப்பில் அப்லோகைலஸ் போன்ற, தலையில் வெண்பொட்டு மின்னும் மீன்கள். நடுவில் ஜீப்ரா மீன்கள். அடித்தளத்தில் இறாலும், மணலைக் கிளறும் சுருள் நத்தையும்.

குணத்தில் இரண்டு கவனிக்க. முதலாவது எண்ணிக்கை. ஜீப்ரா மீன் கூட்டமாக வாழ்வது. ஆறுக்குக் குறைந்தால் ஒன்றையொன்று கடிக்கும். ஆண் ஃபைட்டரோ தனியன். இன்னோர் ஆணைச் சகியாது. கப்பியில் ஆண்களை மட்டும் வளர்ப்பது நலம். பெண் கப்பி ஏறத்தாழ நான்கு வாரத்துக்கு ஒருமுறை ஈனும். ஆணே இல்லாவிடினும், முன்பு சேமித்த விந்தணுவால் பல மாதம் ஈனும்.

இரண்டாவது வேகம். துள்ளித் திரியும் ஜீப்ராவோடு மெதுவாக நகரும் மீனை வைத்தால் சண்டை நிகழாது. ஆனால் மெதுவானது நாள்தோறும் பட்டினி கிடந்து மெலியும். இது கண்ணுக்குத் தெரியாத கொடுமை.

இயற்கையிலும் பொருத்தம் வியப்பூட்டும். உவர்நீர்க் காயல்களில் மலையாளத்தார் கரிமீன் என்று போற்றும் பெரிய மீனின் உடலை, அதன் உறவினமான சிறிய ஆரஞ்சு நிற மீனின் இளங்குஞ்சுகள் கொத்தித் துப்புரவு செய்கின்றன. ஆனால் அந்த நட்பைத் தொட்டிக்குள் கொண்டுவர இயலாது. பெரியதற்கு இடம் போதாது. சிறியது குடும்பம் நடத்தத் தொடங்கினால் பிறரை மூலையில் ஒடுக்கிவிடும்.

நம்மூர் மீன் ஒன்று

அரிக்கமேட்டை ஒட்டி ஓடும் அரியாங்குப்பம் ஆறு நமக்கெல்லாம் தெரியும். ரோமானிய வணிகத்தோடு அதன் பெயரைச் சேர்த்துப் படித்திருக்கிறோம். அதன் பெயர் ஒரு மீனுக்குள்ளும் ஒளிந்திருக்கிறது என்பதை அறிந்தபோது நான் மெய்சிலிர்த்தேன். 1831இல் பாரிசில் கூவியே வெளியிட்ட மீன் நூற்றொகுதியில், "அரியான் கூப்பாங்" ஆற்று மீன் ஒன்றுக்குக் "கூப்பனஸ்" என்ற சிறப்புப் பெயர் சூட்டப்பட்டது. 1816 முதல் 1822 வரை புதுச்சேரியிலிருந்து செயல்பட்ட இயற்கையியலாளர் லெஷெனோ போன்றோர் இங்கிருந்து பாரிசுக்கு மீன்களை அனுப்பி வந்த காலத்தை ஒட்டியது அது. இன்று அதன் முழுப்பெயர் சூடோஸ்ஃப்ரோமெனஸ் கூப்பனஸ்.

இரண்டு அங்குலத்தைச் சற்றே தாண்டும் பழுப்பு மீன், கூர்வால், வயலோரக் கால்வாயிலும் புல்லடர்ந்த குட்டையிலும் வாழ்வது. செவுளுக்கு மேல் உள்ள சுவாசப் பையால் மேற்பரப்புக் காற்றையும் உட்கொள்ளும். ஆகையால் நம் வெயிலைத் தாங்கும். ஆண் மீன் இலைக்கடியில் நுரைக்கூடு கட்டி முட்டைகளைக் காக்கும். ஃபைட்டரின் உறவினம், ஆயினும் அத்தனை முரடன் அல்ல.

மூன்று அமைப்புகள்

இரண்டடித் தொட்டிக்கு என் பரிந்துரைகள் இவை. ஒன்றைத் தேர்க, மூன்றையும் கலவாதீர்கள்.

1. இறாலுக்கு முதலிடம்: செர்ரி இறால் பதினைந்து, சுருள் நத்தை சில. மீன் இல்லையேல் மனம் ஒப்பாது என்பவர்கள், இறால் பெருகிய பின் ஆண் கப்பி நான்கு விடலாம்.

2. நம்மூர்த் தொட்டி: கூப்பனஸ் ஓர் இணை, 1916இல் சுந்தரராஜ் சென்னை மீன்களைப் பற்றிய ஆய்வில் விவரித்த சிறிய அப்லோகைலஸ் பர்வஸ் நான்கு. அடர்ந்த பாசிக்குள் வளர்ந்த இறால் சில தங்கும். குஞ்சுகள் பெரும்பாலும் இரையாகும்.

3. சுறுசுறுப்புத் தொட்டி: ஜீப்ரா எட்டு, சுருள் நத்தை. இறாலும் மெதுவான மீனும் வேண்டா.

மூன்றிற்கும் வாலிஸ்நேரியா, ஹைட்ரில்லா, ஜாவா பாசி ஏற்றவை. உதிர்ந்து காய்ந்த பாதாம் மர இலை ஒன்றிரண்டு இட்டால் இறால் அதன் மேல் மேயும். ஏரியில் எடுத்த செடியோடு தும்பியின் இளவுயிரி வந்துவிட்டால் இறாலுக்குக் காலன். கடைச் செடியில் பூச்சிமருந்து ஒட்டியிருக்கலாம். எதையும் ஒரு வாரம் தனி வாளியில் வைத்து, நீரை மாற்றி அலசிய பின்னரே நடுக. செடி, பிறகு இறால், கடைசியில் மீன் என்பது வரிசை. செம்புச் சேர்ந்த மருந்தை இறால் உள்ள தொட்டியில் ஒருபோதும் ஊற்றற்க. நோயுற்ற மீனைத் தனியே எடுத்து மருந்திடுக.

முடிவுரை

ஒன்று மிச்சமிருக்கிறது. பொருந்தாத மீனைக் கொல்லவும் மனமின்றி, வளர்க்கவும் இடமின்றி, நாம் செய்வது என்ன? அருகிலுள்ள ஏரியில் விட்டுவிடுகிறோம். நானும் என் சக்கர் மீனைப் பையில் கட்டிக்கொண்டு குளக்கரை வரை போனவன்தான். 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட திலேப்பியா இன்று ஜிலேபிக் கெண்டையாக நம் நீர்நிலைகளெங்கும் நிறைந்திருப்பது நினைவுக்கு வந்தது, திரும்பிவிட்டேன். பெரிய தொட்டி வைத்திருந்த நண்பர் ஒருவர் அதை ஏற்றுக்கொண்டார். புண்ணியம் என்று நாம் விடும் ஒரு மீன், கூப்பனஸ் போன்ற சிறு மீன்களின் வீட்டைப் பறிக்கக்கூடும். பொருத்தம் பார்க்க வேண்டியது வாங்குமுன். வாங்கிய பின் அல்ல.

இன்று என் தொட்டியில் இரண்டாம் அமைப்பு நடக்கிறது. சென்ற மாதம் ஆண் கூப்பனஸ் ஓர் இலைக்கடியில் நுரைக்கூடு கட்டியது. விடியலில் கடலுக்குப் புறப்பட்ட தந்தை, கையில் துடுப்போடு நின்று அதை வெகுநேரம் பார்த்தார். இம்முறை அவர் ஒன்றும் கேட்கவில்லை.