குழாயில் ஃபோர்ஸ் இல்லை: ஓர் இளம் பிளம்பருக்குக் கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

சென்னையில் தனியாகத் தொழில் தொடங்கிவிட்டாய் என்றும், வருகிற அழைப்புகளில் பெரும்பகுதி "குழாயில் ஃபோர்ஸ் இல்லை" என்ற ஒரே புகாராக இருக்கிறதென்றும் எழுதியிருந்தாய். புதிதாகக் குழாய் பதிப்பதைக் காட்டிலும் இந்தப் புகாரைத் தீர்ப்பதற்கு அதிக நிதானம் வேண்டும்; ஏனெனில் புது வேலையில் சகலமும் கண்முன்னே கிடக்கிறது, இதிலோ விஷயம் முழுவதும் சுவருக்குள்ளும் தரைக்கடியிலும் மறைந்திருக்க, வெளியே நாம் காண்பது நூலாக ஒழுகும் தண்ணீர் ஒன்றைத்தான்.

ஆகையால் பையைத் திறப்பதற்கு முன் வீட்டாரிடம் பேச்சுக் கொடு. வீடு கட்டிய நாள் முதலே இப்படித்தான் என்று அவர்கள் சொன்னால், அது பெரும்பாலும் டேங்கின் உயரத்திலோ குழாயின் அளவிலோ உள்ள குறை. வருஷாவருஷம் சிறுகச் சிறுகக் குறைந்தது என்றால் துருவோ சுண்ணாம்புப் படிவோ உள்ளே வளர்ந்திருக்கிறது. போன வாரம் டேங்க் கழுவினோம், அதற்குப் பிறகுதான் என்றால் சேறு இறங்கியிருக்க வேண்டும், அல்லது காற்று அடைத்திருக்க வேண்டும். பச்சைத் தண்ணீர் தாராளமாக வந்து வெந்நீர் மட்டும் எல்லாக் குழாயிலும் மெலிந்திருந்தால், கீசரையும் அதன் நான்ரிட்டர்ன் வால்வையும் சோதிக்காமல் வேறெங்கும் கை வைக்காதே.

குறை ஒரே ஒரு குழாயில் மட்டும் இருக்குமானால் சந்தோஷப்படு. குழாய் முனையில் திருகியிருக்கும் ஜல்லடையைக் கழற்றி உள்ளங்கையில் தட்டினால், இரண்டு மூன்று மணல் பரல்கள், டெஃப்லான் டேப்பின் வெள்ளைப் பிசிர், பழைய குழாயிலிருந்து உதிர்ந்த துருச் செதில், இவற்றையெல்லாம் ஒன்றாகக் கட்டிப் பிடித்திருக்கும் சுண்ணாம்பு ஆகியவை வந்து விழும். போர் தண்ணீர் புழங்கும் வீடுகளில் இதை ஓரிரவு வினிகரில் ஊறப்போட்டாலே போதும். அதன் பின்னும் குறை தீராவிட்டால் ஆங்கிள் காக்கையும் இணைப்பு ஹோஸையும் பார்.

வீடு முழுவதும் குறை என்றால் மொட்டைமாடிக்கு ஏறு. தண்ணீருக்குத் தள்ளும் சக்தியைக் கொடுப்பது உயரமே அன்றி டேங்கின் கொள்ளளவு அன்று. ஐந்நூறு லிட்டர் டேங்கை எடுத்துவிட்டு இரண்டாயிரம் லிட்டர் டேங்க் வைத்தும் ஷவர் சரியாகவில்லையே என்று அங்கலாய்க்கிற வீட்டுக்காரர்களை நீ நிறையச் சந்திப்பாய். பத்து மீட்டர், அதாவது ஏறத்தாழ 33 அடி உயரமுள்ள நீர்த்தம்பம் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ அழுத்தம் தரும். மேல்மாடியில் ஏழடி உயரத்தில் ஷவர் இருக்கிறது, தளத்தின்மேல் டேங்க் உட்கார்ந்திருக்கிறது என்றால், இடையிலுள்ள உயரம் ஏழெட்டு அடிக்குமேல் போகாது. அழுத்தம் கால் கிலோகூடத் தேறாது. அங்கே கொண்டுபோய் ஒரு கிலோவாவது எதிர்பார்க்கும் ரெயின் ஷவரை மாட்டிவிட்டுக் குழாயை நோவது நியாயமாகாது. டேங்கை இன்னும் ஆறடி தூக்கி நிறுத்தினால் அந்த ஷவரின் அழுத்தம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். தண்ணீரின் பாரத்தைத் தளம் தாங்குமா என்பதைக் கட்டட எஞ்சினீயரிடம் கேட்காமல் அதைச் செய்துவிடாதே.

இனி நான் சொல்லப்போவதைச் சற்றுச் சிரத்தையோடு கேள். குழாயை மூடிவைத்துவிட்டு கேஜ் மாட்டிப் பார்த்தால், உள்ளே முக்கால்வாசி அடைத்திருந்தாலும் முள் முழு அழுத்தத்தையே காட்டும். ஓடாத தண்ணீருக்கு உராய்வு கிடையாது, உராய்வு இல்லாத இடத்தில் நஷ்டமும் கிடையாது. இதை நம்பி, லைன் நன்றாக இருக்கிறது என்று சாதிக்கும் பேர்வழிகள் நம் தொழிலில் அநேகர். அழுத்தத்தைத் தண்ணீர் ஓடும்போதுதான் பரீட்சிக்க வேண்டும். அதிலும் இவ்வளவு குறைந்த அழுத்தத்தில் கடைக் கேஜின் முள் அசைவது கண்ணுக்கே தெரியாதாகையால், கொத்தனார் மட்டம் பார்க்கும் தெளிந்த பிளாஸ்டிக் டியூபை எடுத்து, ஒரு முனையைக் குழாயில் இறுக்கிக் கட்டி, மறுமுனையை ஜன்னல் வழியாக மொட்டைமாடிக்கு ஏற்றிப் பிடித்து, அந்தக் குழாயைத் திறந்து வை. மற்றக் குழாய்களெல்லாம் மூடியிருக்கையில் டியூபில் தண்ணீர் டேங்கின் மட்டத்துக்கே வந்து நிற்கும். இப்போது உதவியாளனை அதே லைனில் வேறொரு குழாயைத் திறக்கச் சொல்; டியூபில் தண்ணீர் எத்தனை அடி இறங்குகிறதோ, அத்தனை அடி அழுத்தம் டேங்கிலிருந்து அவ்விரு குழாய்களும் பிரியும் இடம் வரையுள்ள பொதுக் குழாயில் விரயமாகிறது. டியூபை ஒவ்வோர் இணைப்பாக டேங்கை நோக்கி மாற்றிக்கொண்டே போனால், ஓரிடத்தில் இந்த இறக்கம் திடீரென்று குறைந்துவிடும். அதற்கும் முந்தைய இடத்துக்கும் நடுவில்தான் வியாதி. உடைப்பதானால் அங்கே மட்டும் உடை.

அங்கே என்ன இருக்கும் என்பது வீட்டின் வயதைப் பொறுத்தது. பழைய ஜிஐ குழாயை அறுத்துப் பார்த்தால், வெளியே முக்கால் இஞ்ச் அளவு மாறாதிருக்க, உள்ளே துரு முடிச்சு முடிச்சாகத் திரண்டு சுண்டுவிரல் நுழையக்கூட இடமின்றிக் கிடக்கும். அதே தள்ளுசக்திக்கு, உள்விட்டம் பாதியானால் வரத்தும் பாதியாகும் என்று எண்ணிவிடாதே. ஏறத்தாழ ஆறில் ஒரு பங்குதான் வரும். இதற்குச் சுத்தம் செய்வது என்ற சிகிச்சை கிடையாது, மாற்றத்தான் வேண்டும். சிபிவிசி குழாயானால், அறுத்த பிசிரைச் சீவாமல் சால்வென்ட்டை அள்ளிப் பூசிச் செருகியவனுடைய கைங்கரியம் உள்ளே வளையமாக உறைந்து நிற்கும். டேங்க் அடியிலுள்ள கேட் வால்வையும் மறந்துவிடாதே: தண்டு தனியே கழன்று, கைப்பிடியை எவ்வளவு சுற்றினாலும் உள்ளேயிருக்கும் கதவு பாதி இறங்கியபடியே கிடப்பது சகஜம்.

காற்றடைப்பு வேறு ரகம். டேங்க் காலியாகி மறுபடி நிரம்பும்போது, கைப்பிடிச் சுவரையோ வாசற்படியையோ தாண்ட மேலெழுந்து வளைந்த குழாயின் உச்சியில் காற்று தங்கிவிடும். கீழிருந்து மோட்டார் லைன் தண்ணீரை ஹோஸ் வழியே எதிர்முகமாக ஏற்றினால் அப்போதைக்கு விலகும். டேங்க் வால்வைத் தாண்டியதும் ஒரு காற்றுக்குழாயை எடுத்து, அதன் வாய் டேங்கின் நிறைமட்டத்துக்கு மேலே நிற்கும்படி வைத்து, அந்த மேட்டையும் எடுத்துவிட்டால் மீண்டும் வராது.

பிரஷர் பம்பை நான் வெறுப்பவன் அல்லேன். உயரம் போதாத மேல்மாடிக்கு அதுவே முறையான பரிகாரம். ஆனால் துருப்பிடித்த குழாயில் அதை மாட்டினால், அடைப்பு அப்படியே இருக்க, பலவீனமான இணைப்புகளெல்லாம் ஒழுகத் தொடங்கும். தெருவிலிருந்து வரும் மெட்ரோவாட்டர் லைனில் நேரடியாக மோட்டார் வைக்கச் சொல்லி யார் கெஞ்சினாலும் இணங்காதே. அது விதிக்கு விரோதம் என்பது ஒருபுறமிருக்க, உறிஞ்சும் வேகத்தில் தெருக்குழாயின் கசிவுகள் வழியாகச் சாக்கடையும் உள்ளே புகுந்து, அக்கம்பக்கத்துக் குழந்தைகளின் தம்ளருக்கு வந்து சேரும்.

வேலைக்கு முன்னும் பின்னும் பத்து லிட்டர் பக்கெட் நிரம்ப எத்தனை விநாடி ஆகிறதென்று வீட்டுக்காரர் முன்னிலையில் பார்த்து, பில்லிலேயே இரண்டையும் எழுதிவிடு. சோதனைக்கூலியைத் தனியாகக் கேள். ஜல்லடையைத் தட்டிப் போட்டுவிட்டு வருகிற நாளிலும் வீட்டில் அடுப்பெரிய வேண்டுமல்லவா? நேரில் கேட்கக் கூச்சமாயிருந்தால், அவர்கள் அழைக்கும்போது போனிலேயே தொகையைச் சொல்லிவிடு.

அன்புடன்,
உன் அண்ணன்