கருவறை வாசலில் ஒரு துளி

மைசூரிலிருந்து உதகை செல்லும் சாலையில் குண்டலுபேட்டையைத் தாண்டினால் ஹங்களா என்னும் ஊர் வரும். அங்கே வலப்புறம் பிரியும் வழி ஹிமவத் கோபாலசுவாமி பெட்டாவிற்குச் செல்கிறது. கன்னடத்தில் பெட்டா என்றால் மலை. பண்டிப்பூர் வனத்தினுள் 1450 மீட்டருக்கும் சற்று மேலான உயரத்தில், பெரும்பாலும் மூடுபனி சூழ நிற்கிறது அம்மலை. அடிவாரத்தில் சொந்த வாகனங்களை விட்டுவிட்டு அரசுப் பேருந்தில் ஏற வேண்டும்.

உச்சியில் வேணுகோபாலன் ஆலயம். ஹொய்சள மன்னர் மூன்றாம் வீர வல்லாளன் காலத்தில், 1315-ஆம் ஆண்டை ஒட்டி எழுந்தது என்பர். திருவண்ணாமலை அன்பர்கள் வல்லாள மகாராஜன் என்று நன்கறிந்த அதே மன்னர்தான்!

இங்கு வருவோர் எதிர்நோக்குவது ஓர் அற்புதத்தை. கருவறை வாசலின் மேல்கல்லில் குளிர்ந்த நீர் கசிகிறது. அர்ச்சகர் அதைத் தொட்டு அன்பர்கள் தலையில் தெளிக்கிறார். அது எக்காலத்தும் வற்றாது என்பது நம்பிக்கை.

கல்லூரியில் பயிலும் மகன், "ஈரக்காற்று குளிர்ந்த கல்லில் பட்டால் நீராகத்தானே மாறும்?" என்று கேட்டுவிட்டால் தாயின் முகம் வாடிவிடுகிறது. அவன் பகவானையே மறுத்துவிட்டதாக அவள் வருந்துகிறாள். ஒரு மூடநம்பிக்கையை வென்றுவிட்டதாக அவன் மகிழ்கிறான். உண்மையில் இருவரும் ஒரே தவற்றையே செய்கின்றனர். காரணம் தெரிந்த இடத்தில் இறைவனுக்கு வேலையில்லை என்று இருவருமே கருதுகின்றனர்.

அந்தக் கோபாலனே இதுபற்றி என்ன கூறினான்? பாகவதத்தில் ஆயர்கள் இந்திரனுக்கு வேள்வி செய்ய முற்பட்டபோது சிறுவனாகிய கண்ணன் தடுத்தான். நமக்கு வாழ்வளிப்பவை இம்மலையும் காடும் பசுக்களும் அல்லவா, இவற்றை வணங்குவோம் என்றான். ஆயர்கள் அவ்வாறே செய்தனர். கோவர்த்தனத்தை அவன் தூக்கியது அதற்குப் பிறகுதான், அதுவும் மழையில் தவித்தவர்களைக் காக்க. தூக்கிய மலையை உலகம் நினைவில் வைத்தது; தூக்குவதற்கு முன் அவன் சொன்ன சொல்லை ஏனோ மறந்துவிட்டது.

பகவான் ஸ்ரீராமகிருஷ்ணரும் சித்திகளை மதித்தவரல்லர். பல்லாண்டு தவம் செய்து ஆற்றின்மீது நடக்கக் கற்றவனிடம், காலணா கொடுத்துப் படகில் வந்த தம்பி, உன் தவத்தின் விலை இவ்வளவுதானா என்று கேட்ட கதையை அவர் கூறுவதுண்டு. அற்புதத்தைத் தேடுபவன் மெல்ல மெல்ல வணிகனாகிவிடுகிறான். காய்ச்சலில் துடிக்கும் குழந்தையை மருத்துவரிடம் கொண்டுசெல்லாமல் தீர்த்தத்தை மட்டும் நம்பிக் காத்திருப்பது பக்தியாகாது, பகவானைச் சோதிப்பதாகும். பிள்ளை பிழைக்கவில்லையெனில் அவனது நம்பிக்கையும் உடன் மடிகிறது.

குண்டலுபேட்டை வட்டாரம் மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் கிடக்கிறது. அங்குள்ள உழவருக்கு ஒவ்வொரு மழையும் ஒரு வரம். தெற்கே மலைகளில் பிறக்கும் குண்டல் ஆறு வடக்கே சென்று நஞ்சன்கூடு அருகே கபினியில் கலக்கிறது. கபினி, திருமகூடலில் காவிரியோடு சேர்கிறது. மலைமுகட்டுச் சோலைகளின் இலைகள் மூடுபனியைத் தடுத்துத் துளித்துளியாக மண்ணுக்கு இறக்குகின்றன. மேல்கல்லில் கசியும் துளிக்கு உறவான நீர்தான் தஞ்சை வயலுக்கும் வருகிறது. அங்கே அதைத் தலையில் தெளித்துக்கொள்ள எவரும் வரிசையில் நிற்பதில்லை.

அந்தத் தாய் குளிர்ந்த துளியைக் கண்களில் ஒற்றிக்கொள்ளட்டும், அதில் பிழையேதுமில்லை. மகன் காரணத்தை ஆராயட்டும், அதுவும் வழிபாடே. வீடு திரும்பியபின், குழாயைத் திறந்ததும் குடத்தில் விழும் நீரைக் கண்டு இருவரில் ஒருவராவது ஒரு கணம் கைகூப்புவாரா?

இரவில் யாத்திரிகர்கள் மலைமேல் தங்க அனுமதியில்லை. கடைசிப் பேருந்தும் இறங்கியபின் சரிவுகள் யானைகளுக்கும் மான்களுக்கும் உரியவை. வேண்டிக்கொள்ள ஒருவருமில்லாத அவ்வேளையிலும் புல்லின்மீது பனி இறங்கிக்கொண்டிருக்கிறது.